வழுக்கைத் தலைச் சக்களத்தி

என் கணவர் குடியை விட்ட வருஷம்தான் எனக்கு ஒரு சக்களத்தி வாய்த்தாள். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, வங்கியிலிருந்து ரிட்டயர்டான மராட்டிக்காரர். குடியை விட்டவர்கள் கூடும் குழுவில், புதிதாக வந்தவருக்குப் பழையவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். ஸ்பான்சர் என்று பெயர். குடிக்கத் தோன்றினால் கிளாஸைத் தொடுமுன் அவருக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே அது சட்டம்.

குடிக்கத் தோன்றாவிட்டாலும் இவர் போன் செய்தார். புனேக்கு வெளியே சாகண் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து கோந்த்வா வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் ரிசீவரைத் தூக்கிவிடுவார். இந்தியில் சிரிப்பு, மராட்டியில் சிரிப்பு. வைத்ததும் என்னிடம் தமிழில், "சாப்பாடு ஆச்சா?" அவ்வளவுதான். அத்தனை வருஷம் வாந்தியைத் துடைத்தவள் நான், சிரிப்பெல்லாம் அந்த மீசைக்கு. வயிறு எரிந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன்கிட்ட பேசினா திட்டுவியே."

திட்டத்தான் செய்வேன். அதற்கென்ன?

அந்தத் தசராவுக்குத் தொழிற்சாலையில் மெஷின்களுக்குப் பூஜை போட்டுவிட்டு, சாயங்காலம் எல்லோரும் நெடுஞ்சாலையிலிருந்த தாபாவுக்குப் போனார்கள். வீட்டில் போன் அடித்தது.

"நான்தான். தாபா பக்கத்துல பூத்திலேர்ந்து பேசறேன். உள்ள எல்லாரும் குடிக்கிறாங்க. எனக்கும் கிளாஸை எடுக்கணும்போல இருக்கு. ஏதாவது பேசு."

என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "ஏன், உங்க ஆளு வீட்டுல இல்லையா?"

"பேசேன்," என்றார் மறுபடியும்.

பேசினேன். கேஸ் தீரப்போவது, குளியலறைக் குழாய் ஒழுகுவது, அவர் தங்கை கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பந்தியில் விழுந்தது. திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தும் நான் போனை வைக்கவில்லை. கடைசியில், "பஸ் வருது, வர்றேன்," என்றார்.

கதவைத் திறந்து வழக்கம்போல் முகர்ந்து பார்த்தேன். டீ வாசனைதான். நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். பாழாய்ப்போன மனசு விடவில்லை. அந்த ஆள் கிடைக்காததால்தானே என் நினைப்பு வந்தது?

ஞாயிற்றுக்கிழமை குழுவில் குடும்பங்களையும் டீக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேரே ஸ்பான்சரிடமே போய், எனக்குத் தெரிந்த இந்தியில், தசரா சாயங்காலம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கயும் போகல வஹினி," என்றார். மராட்டியில் அண்ணி. "அன்னிக்கு அவனுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும். போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவன் பண்ணவே இல்ல."

சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்த்ததுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கிளாஸில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

"எனக்குப் பண்ணினார்," என்றேன்.