கொம்பொடிந்த பூதங்களோடு

உடைந்த பூதத்தை ஒட்டிக் கொடுக்கிற தொழிலில், பசை காயும்வரை மூச்சுவிடவே பயமாக இருக்கும். ஆஸ்டின் டவுனில் என் வீட்டு முன்னறைதான் பட்டறை. வருகிறவை எல்லாம் கம்பி, களிமண், ரெசின் வைத்து யாரோ ஒருவருக்காகக் கையால் செய்த பூதப் பொம்மைகள். கெடுத்துவிட்டால் இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்தவர் பொருளை வாங்கி வைத்து வேலை செய்கிற தையல்காரர்களே, வாட்ச் ரிப்பேர்காரர்களே, அந்தப் பயம் உங்களுக்குப் புரியும்.

தாடைக்குக் கீழே

ரோஸ்லின் ஒரு ஸ்கூல் டீச்சர். அவர் கொண்டுவந்த பூதத்துக்குத் தாடை பிளந்து, பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. இறந்துபோன தம்பி செய்தது. "பழைய பெயின்ட்டை எடுத்துட்டு புதுசா அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டே வந்தபோது, தாடைக்கு அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது. களிமண் ஈரமாக இருந்தபோது பதிந்தது. பிளவு அதன் நடுவிலேயே ஓடியது. பசை வழிந்தாலும் போச்சு, உப்புத்தாள் பட்டாலும் போச்சு.

போன் போட்டு அவரை வரச் சொன்னேன். அவர் பக்கத்தில் நிற்க, ஊசி முனையில் பசை தொட்டு உள்பக்கம் மட்டும் வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தேன். கோடுகள் சேர்ந்தன. காய்ந்ததும் ரோஸ்லின் தன் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த இடத்துல மட்டும் பெயின்ட் வேண்டாம். அவன் விரல் என்னோடதைவிடச் சின்னதுன்னு இப்பதான் தெரியுது."

இரண்டு தலை

கணவன் மனைவியாக இருந்த இருவர், வைட்ஃபீல்டிலிருந்து தனித்தனி டாக்சியில் வந்தார்கள். கல்யாணத்துக்கு நண்பர்கள் செய்து கொடுத்த இரட்டைத்தலைப் பூதம். இப்போது விவாகரத்து ஆகிவிட்டது. நடுவில் அறுத்து, ஆளுக்கொரு பூதமாக்கி, பெயின்ட் அடித்துத் தர வேண்டுமாம். ஒட்டுவதுதான் என் வேலை என்று சொல்லிப் பார்த்தேன். "வேற யார்கிட்ட குடுத்தாலும் நொறுக்கிடுவாங்க" என்றார் அந்தப் பெண்.

இருவரும் அறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தார்கள். கழுத்துகளுக்கு நடுவில் ஆரம்பித்து முதுகு வழியாகப் பென்சில் கோடு இழுத்தேன். ரம்பத்தை வைத்த பிறகுதான் உறைத்தது. "வால் யாருக்கு?" என்று கேட்டேன். இருவரும் செல்போனைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ரம்பத்தை எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. கடைசியில் கணவராக இருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "அவளுக்கே விட்டுடுங்க அண்ணா. அது சாயாம நின்னதே அந்த வாலாலதான்."

மெட்ரோ வாசலில்

ரிப்பேர் முடிந்த ஒரு பூதத்தைக் கொடுக்க மெட்ரோவில் கிளம்பினேன். பை ஸ்கேனருக்குள் போனதும் பெல்ட் நின்றது. திரையில் கொம்பு, நகம், உடம்பு முழுக்கக் கம்பிச் சுருள். "ஏனு இது?" என்றார் செக்யூரிட்டி அம்மா. ரிப்பேருக்கு வந்த பொம்மை என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். பிரிக்கச் சொன்னார். வார்னிஷ் இன்னும் முழுசாகக் காயவில்லை. விரல் பட்டால் அச்சு விழும். பின்னால் கியூ முணுமுணுத்தது. இன்னொரு காவலரும் வந்து நின்றார்.

சுற்றியிருந்த காகிதத்தை மெதுவாக விலக்கினேன். அந்த அம்மா தொடவில்லை. குனிந்து பூதத்தின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் தமிழில் சொன்னார்: "மேல் வரிசைல ஒரு பல்லு இல்ல. பையிலதான் விழுந்திருக்கும், தேடி எடுத்துட்டுப் போங்க."

இத்தனை நாள் இந்த வேலை பார்த்ததில் எனக்கு மிஞ்சிய ஞானம், வீட்டில் யார் எதைப் போட்டு உடைத்தாலும் திட்டுவதற்கு முன்னால் "யாரும் நகராதீங்க, துண்டு எங்க விழுந்துச்சுன்னு பாருங்க" என்று சொல்வதுதான்.