விமலாராணிக்கு ஊறாத ரத்தம்

கணபதி பகுதியில் ஒரு மோட்டார் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றியவள் விமலாராணி. மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாடிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துத்தான் கணவர் அமிர்தராஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இதய வால்வு கசிகிறது என்றார்கள்.

நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டாம், வலது மார்பின் கீழே சின்னக் கீறல் போட்டே சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர் ஷ்ரவ்யா. அமிர்தராஜுக்குப் போன உயிர் திரும்பியது. ரத்த ரிப்போர்ட் வந்ததும் டாக்டரின் முகம் மாறியது.

“ஹீமோகுளோபின் பன்னெண்டு இருக்கணும், ஏழுதானுங்க இருக்கு. கீறல் சின்னதுன்னாலும் ஆபரேஷன் பெருசு. இதயத்தை நிறுத்தி மெஷின்ல ஓட்டணும். இந்த ரத்தத்தோட போனா கிட்னி தாங்காது. ரத்தமே ஏத்தலாம்னா அந்தச் சுமையை இந்த இதயம் தாங்காது. மூணு வாரம் இரும்புச்சத்து ஏத்திப் பார்ப்போம்.”

“மூணு வாரம் தாங்குவாளுங்களா? உக்காந்துட்டேதான் தூங்குறா. இப்பவே செஞ்சுபோடுங்க டாக்டர்!” அமிர்தராஜ் கும்பிட்டார்.

டாக்டர் அசையவில்லை. பதினோராம் நாள் காலை விமலாராணியின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஹீமோகுளோபின் எட்டரையைத்தான் தொட்டிருந்தது. இனிக் காத்திருக்க முடியாதென்று ரத்தம் ஏற்றிக்கொண்டே ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

ஸ்ட்ரெச்சர் நகரும்போது அவள் அமிர்தராஜின் கையைப் பிடித்தாள்.

“ஏனுங்க, அந்த ரத்தப்போக்கை முன்னாலயே சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுப்போட்டேன்.”

“இப்ப அதெல்லாம் பேசாத அம்மணி.” இவள் நகமெல்லாம் வெளுத்துக் கிடந்ததே, ஒருநாளாவது என்னவென்று கேட்டேனா என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

ஆபரேஷனில் வால்வின் கசிவு நின்றது. காயமும் நாலு விரல் அகலம்தான். ஆனால் மூன்றாம் நாள் சிறுநீர் இறங்கவில்லை, டயாலிசிஸ் வைத்தார்கள். சுவாசக் குழாயை எடுப்பதும் திரும்பப் போடுவதுமாக ஒரு வாரம் போனது. அதே ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்துப் படுக்கைக்காரர் ஐந்தாம் நாள் நடந்தே கிளம்பினார். ஐசியூ வாசலில் நின்று, வருகிற போகிற நர்ஸையெல்லாம் “இன்னைக்கு ரத்தம் எத்தனைங்க?” என்று கேட்டார் அமிர்தராஜ். ஜெபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்துபோனது.

இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிட்னி பாதிதான் தேறியிருந்தது. வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ்.

“எப்பங்க எந்திரிச்சு நடப்பா?”

“இப்ப சொல்ல முடியாதுங்க. வால்வு நல்லா இருக்கு, உடம்புலதான் தெம்பில்ல. ரத்தப்போக்குக்கும் வைத்தியம் பாக்கணும்” என்றார் டாக்டர்.

ஆட்டோவில் அவர் தோளில் சாய்ந்ததுமே விமலாராணி கண்ணயர்ந்தாள். கணபதி வரும்வரை அமிர்தராஜ் அவள் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தார்.