சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

இங்கே பர்மாவில், ஸ்ட்ராண்ட் ரோட்டில் மின்சார ரயில் ஓடிய அந்தச் சில மாதங்களில், அதில் தினமும் ஏறிய ஒரே ஆள் நான்தான் என்று சொன்னால் ஓட்டுநர் கோபித்துக்கொள்வார். சரி, அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜப்பானில் ஓடி ஓய்ந்த பெட்டிகளைக் கொண்டுவந்து, நம் தண்டவாள அகலத்துக்குச் சக்கரம் மாற்றி, பெயின்ட் அடித்து விட்டிருந்தார்கள். கதவுக்கு மேலே ஜப்பான் எழுத்து அப்படியே இருந்தது. நானும் அந்த வாரம்தான் தலைக்குச் சாயம் பூசியிருந்தேன். பார்த்ததுமே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம், மகள் பாங்காக்கில். க்யிம்யிண்டைங் பேட்டையில் இருக்கும் வீட்டில் என் ஜோக்குக்கு நானேதான் சிரிக்க வேண்டும், அதுவும் எல்லாமே முன்பு கேட்டது. ரயிலில் சீட்டுக் கொடுக்கும் பெண் இருந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். என்னை 'ஊலே' என்பாள். பர்மியத்தில் மாமா, சித்தப்பா எல்லாம் அதுதான்.

"ஊலே, இன்னிக்கும் சும்மாதானா?"

"தலை போற அவசரம்மா. சும்மா இருக்கணும், நேரமாச்சு."

சிரிப்பாள். அதற்காகத்தான் வந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் சிரிக்கவில்லை. "ஆளே ஏறலன்னா ரயில நிப்பாட்டிருவாங்களாம், ஊலே."

தேநீர்க் கடை நண்பர்களை இழுத்துவந்து ஏற்றினேன். இறங்கியதும், "பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் வீட்ல தூங்கியிருப்போம்யா" என்றார்கள். அப்புறம்தான் குறை பிடிபட்டது. எங்கள் ஆட்கள் புது சைக்கிள் வாங்கினாலும் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றாமல் கிளப்ப மாட்டார்கள். இந்தப் பெட்டிக்கு யார் வைத்தது? ஓட்டுநர் முன்கண்ணாடியில் பூச்சரம் தொங்கவிட்டிருந்தார். அது பர்மாக்காரர் பங்கு. தமிழர் பங்கு பாக்கி நின்றது.

மறுநாள் காலை, ரயில் கிளம்புவதற்கு முன், லோஞ்சி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சக்கரத்தருகே குனிந்தேன். குனிந்தது சுலபம். முட்டி பிடித்துக்கொண்டதில் நிமிரத்தான் முடியவில்லை. ஓட்டுநர் குதித்து இறங்கி, அக்குளில் கை கொடுத்து என்னை மூட்டை மாதிரித் தூக்கினார். பின்னாலேயே அவள் ஓடிவந்தாள், கன்னத்துத் தனாக்கா மரப்பட்டைப் பூச்சில் கண்ணீர்க் கோடு.

"சாகவா பாத்தீங்க, ஊலே? மனசு சரியில்லன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

உள்ளங்கையை விரித்துப் பழத்தைக் காட்டினேன். "பூசைம்மா. ரயிலுக்கு."

"புத்தி இருக்கா உங்களுக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஓட்டுநர் சிரித்தபடியே பழத்தை வாங்கி அவரே தண்டவாளத்தில் வைத்தார். ரயில் அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. உள்ளே நான் மட்டும்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும்தான் என்னைக் கேட்டதில்லை.

பழம் பலிக்கவில்லை. சில வாரங்களில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதுவரை தினமும், நான் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை, அவள் விசில் ஊதாமல் கதவில் நின்று பார்ப்பாள். ரயில் காத்திருக்கும்.

கடைசி நாளும் அப்படித்தான் நின்றாள். முட்டி அன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மெதுவாகவே நடந்தேன்.