ஊற்றைச் சுற்றிப் போட்ட முள்

சைகோனில் என் துணிக்கடையை எழுதி வாங்கிக்கொண்டு என்னைத் தெருவில் விட்டவன் அந்த ஊர்க்காரன் அல்ல, பிரெஞ்சுக்காரனும் அல்ல. காரைக்காலில் என் வீட்டுக்கு நாலாவது வீட்டுக்காரன். கூட்டு வியாபாரம் என்று சொல்லித்தான் சேர்ந்தான். அதற்குப் பிறகு இன்னொருவன் கடையில் கைகட்டி நின்று, பல வருஷம் மிச்சம்பிடித்ததை எடுத்துக்கொண்டு நான் ஊர் திரும்பியபோது, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடை போடு என்றான் ஒருவன். அரிசி மில்லில் பங்கு வாங்கு என்றான் இன்னொருவன். யோசனை சொன்ன ஒவ்வொருவனுக்கும் அதில் என்ன ஆதாயம் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது. கடைசியில் தென்னை வைப்பதென்று தீர்மானித்தேன். தென்னைக்குப் பேசத் தெரியாது, கையெழுத்துப் போடவும் தெரியாது.

நிலம் கோட்டுச்சேரிமேட்டுக்குப் பக்கத்தில், கடலோரமாக அமைந்தது. முன்பு தோப்பாக இருந்து, புயலில் மரமெல்லாம் விழுந்து வெறும் மணலாகக் கிடந்தது. பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. எனக்கு அந்தப் பாஷை கடையில் பேசுகிற அளவுக்கு வரும், பத்திரம் பதிகிற நொத்தேர் எழுதுகிற அளவுக்கு வராது. ஆகவே ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்து, மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நிலமும் எனக்கு, அதிலுள்ள நன்னீர் ஊற்றும் எனக்கு என்று எழுதியிருந்தது. வேறு யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை.

காரைக்காலிலிருந்து ஒற்றைமாட்டு வண்டியில் வடக்கே கோட்டுச்சேரி வரை போய், கிழக்கே திரும்ப வேண்டும். கொஞ்ச தூரத்தில் வண்டிச்சக்கரம் மணலில் புதைந்துவிடும். அங்கே இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் என் கீற்றுக் கொட்டகை. சனிக்கிழமை காலை போவேன், வியாழக்கிழமை மாலை வண்டி வந்து காத்திருக்கும், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஊரில் இருப்பேன். ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதாதா என்று என் மனைவி கேட்டாள்.

“ஆள யாரு பாத்துக்குறது?” என்றேன்.

“ஒங்க நெழலு பின்னால வந்தாலும் திரும்பிப் பாத்து யாருன்னு கேப்பீங்க” என்றாள்.

ஐப்பசியில் இருநூறு தென்னம்பிள்ளை நட்டேன். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் அந்த மணலுக்குள் இறங்கியது. அவை நின்றால் நாங்கள் நிற்போம், பட்டுப்போனால் நான் மறுபடி கப்பலேற வேண்டும். அந்த வயதில் ஏறவும் முடியாது. தண்ணீர் ஊற்ற உள்பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு ஆளை அமர்த்தினேன். நான் எது சொன்னாலும் “ஆமாங்க மொதலாளி” என்பான். எதிர்த்துப் பேசாதவன் என்பதால் அவன் ஒருவனை மட்டும் நம்பினேன்.

கடலோரக் குப்பத்து ஜனங்களை நம்பவில்லை. அவர்கள் என்னைச் சபுராளி என்று கூப்பிட்டார்கள். கப்பலேறிப் பிழைத்து வந்தவனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஆனால் அவர்கள் சொல்லும்போது ஒரு இளப்பம் இருப்பதாக எனக்குப் பட்டது. விடியற்காலையில் அந்தப் பெண்கள் குடத்தோடு என் நிலத்துக்குள் வருவார்கள். ஊற்று ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்தது. குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள், போகட்டும் என்று விட்டிருந்தேன். தண்ணீர் கொடுப்பது ஸவாபு, புண்ணியம் என்று என் மனைவியும் சொல்லியிருந்தாள்.

தை பிறந்து மழை நின்ற பிறகு ஒன்றைக் கவனித்தேன். விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால், கிழக்கு வரிசைப் பிள்ளைகளின் அடி ஈரமாக இருந்தது. என் ஆள் அப்போதுதான் வேலைக்கு வந்துகொண்டிருப்பான்.

“யாருப்பா இங்க ஊத்துனது?” என்று கேட்டேன்.

“நான் இல்லீங்க மொதலாளி” என்று தலையைச் சொறிந்தான்.

மறுநாள் தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண்களில் அகன்ற தோள்காரி ஒருத்தி, எல்லோருக்கும் முன்னால் நடக்கிறவள், மேட்டுக்குப் பின்னாலிருந்து குடத்தோடு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். என் பிள்ளை ஒன்றின் அடியில் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு குடம் அப்படியே செய்தார்கள்.

அடுத்தவன் மரத்துக்குக் கூலி வாங்காமல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உலகத்தில் உண்டா? கிழக்கு வரிசையில் ஓலை நுனியெல்லாம் வேறு பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது. உப்புப் பட்டால்தான் அப்படிக் கருகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எல்லாம் சேர்ந்து புரிந்துவிட்டதாக நினைத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் கடலும் இருக்கிறது, இவர்கள் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். பிள்ளைகள் பட்டுப்போனால் சபுராளி ஓடிவிடுவான், நிலம் சும்மா கிடைக்கும்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன்.

“போயி ஒரு வார்த்த கேட்டா என்னங்க?” என்றாள்.

“கேட்டா உண்மையவா சொல்லப்போறாங்க?”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளிடமும் யாராவது பேசி வைத்திருக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இன்று அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் என்ற சாக்கில் அவர்கள் நிலத்துக்குள் வரக் கூடாது என்று, மாசியில் ஊற்றைச் சுற்றிக் கருவமுள் வேலி போட்டேன். மூங்கில் படல் வைத்து, சங்கிலி கோத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்புவாரில் ஒன்று, என் ஆளிடம் ஒன்று. உப்புத் தண்ணீர் விஷயத்தை அவனிடமும் சொன்னேன். “ஆமாங்க மொதலாளி” என்றான். முதல் நாள் பெண்கள் வந்து வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை. வராததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சித்திரை வந்தது. மேற்கு வரிசைகள் தழைத்து நின்றன. கிழக்கே ஒவ்வொன்றாகக் குருத்து சாய்ந்தது. உப்பு உள்ளே இறங்கிவிட்டது, இனி என்ன செய்தும் பயனில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பட்டுப்போன பிள்ளை ஒன்றைப் பிடுங்கினேன். மேல்மண் மட்டும் விரற்கடை ஆழத்துக்கு நனைந்திருந்தது. அதற்குக் கீழே வேரெல்லாம் உலர்ந்து சுள்ளியாக இருந்தது. என் ஆளைக் கூப்பிட்டு, இங்கே தண்ணீர் ஊற்றுகிறாயா இல்லையா என்று கேட்டேன்.

“தெளிச்சிக்கிட்டுத்தாங்க இருக்கேன். எரநூறு புள்ளைக்கும் ஒரு ஆளு எப்புடிங்க? இந்தப் பக்கம் எப்பவும் அவுங்கதானே ஊத்துவாங்க.”

“எவுங்க?”

“குப்பத்துப் பொம்பளைங்க. ஊத்துல ஒரு நட தண்ணி எடுத்தா நெலத்துக்காரரு மரத்துக்கு ஒரு கொடம் ஊத்திட்டுத்தான் போவணும். மழக்காலத்துல மட்டும் கெடையாதுங்க. இந்த ஊரு மொற அது.”

“நல்ல தண்ணியா?”

“ஊத்துத் தண்ணிதாங்க.”

“பின்ன ஓலை ஏன் கருகிச்சு?”

“கடக்காத்து அடிச்சா நுனி கருகுங்க. அது ஒண்ணும் பண்ணாது.”

“உப்புத் தண்ணின்னு ஒங்கிட்ட சொன்னேனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?”

“மொதலாளி சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேங்க” என்றான்.

அவனை அடித்திருப்பேன். அடித்து என்ன? அவர்கள் ஊற்றியதில் அவன் வேலை பாதி குறைந்தது, அதனால் முதலில் அவன் வாயைத் திறக்கவில்லை; பிறகு நான் சொன்னதை மறுக்கத் துணியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கிழக்கே உயிரோடு மிஞ்சியவை முப்பதுகூடத் தேறாது. அவையும் இன்னும் பத்து நாள் தாங்காது.

முள்ளை நானே பிரித்தேன். உள்ளங்கையெல்லாம் கிழிந்தது. அப்படியே குப்பத்துக்கு நடந்து, அந்த அகன்ற தோள்காரியின் வீட்டைக் கேட்டுப் போய் வாசலில் நின்றேன். இத்தனை நாளும் வெகுதூரம் நடந்து வேறொரு ஊற்றில் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் லேசாகக் கரிக்கும் என்று பின்னால் தெரிந்தது. வேலியை எடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது, பழையபடி வரவேண்டும் என்று சொன்னேன். எதற்காக வேலி போட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் மீனைத் தரம் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வந்தார்கள். ஊற்றைச் சுற்றி நின்றார்கள், யாரும் குடத்தை இறக்கவில்லை. அவள் குனிந்து ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

“இந்தாங்க சபுராளி. மொதல்ல நீங்க குடிங்க.”

“எதுக்கு?”

“ரெண்டு மாசமா பூட்டி வச்சிருந்தீங்க. இன்னிக்கி நீங்களே வந்து கூப்புடுறீங்க. உள்ள என்ன கலந்திருக்கீங்கன்னு நாங்க என்னத்தக் கண்டோம்? எங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணி.”

வாங்கினேன். சொல்லவே கூசுகிறது, அந்த நேரத்திலும் என் கண் கொட்டாங்கச்சியின் அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். பக்கத்திலிருந்தவளிடம், “பாரு, குடிக்க யோசிக்கிறாரு” என்றாள். கடகடவென்று குடித்து முடித்தேன். தொண்டையில் இறங்குகிறதா என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அவள் ஒரு குடம் மொண்டுபோய், உயிரோடு இருந்த பிள்ளை ஒன்றின் அடியில் மெதுவாக ஊற்றினாள். மற்றவர்களும் மிஞ்சிய பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றினார்கள். தங்களுக்கென்று ஒரு சொட்டு எடுக்கவில்லை.

“மூணு நாளு பாக்குறோம். தண்ணி குடிச்ச நீங்களும் நல்லா நின்னு, இந்தப் புள்ளைங்களும் நின்னா அப்பறமா வூட்டுக்கு எடுத்துக்குறோம்” என்றாள். வெறுங்குடத்தோடு போனார்கள்.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் வழக்கம்போல வண்டி வந்து மணலோரத்தில் நின்றது. மேட்டின்மேல் அந்தப் பெண்களில் இரண்டு பேர் நின்று என் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜும்மாவுக்கு வரவில்லை, நான் நன்றாக இருப்பதாக வீட்டில் சொல்லிவிடு என்று வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் கண்ணில் படும்படியாக, கொட்டகைக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.