படகில் வெந்நீர், பூனாகலையில் பிரஷர்

வெந்நீர்க் குழாய் ஒழுங்காக வரும்வரை எங்களை யாரும் தேடமாட்டார்கள். அது இருமத் தொடங்கினால்தான் எங்கள் பெயர் ஞாபகம் வரும். குழாய் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நான் மூன்று வருடமாக மாலைதீவில் ஒரு சுற்றுலாப் படகில் அந்த இருமலுக்கு வைத்தியம் பார்க்கிறேன். மனைவி செல்வி இலங்கை மலைநாட்டில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். எப்போது ஊரோடு வந்து சேருவேன் என்பதுதான் போனில் எங்கள் ஒரே பேச்சு.

காற்று போன டேங்க்

அன்று காலை பம்பு விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. பிரஷர் டேங்கில் காற்று இறங்கினால் அப்படித்தான். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். வியர்வை ஊற்றியது. மேலே வெள்ளைக்காரர்கள் கடலில் குளித்துவிட்டு வெந்நீருக்குக் காத்திருந்தார்கள். அந்த நேரம் செல்வி மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு குளித்திருப்பாள். அதை நினைத்தால் எனக்கு வேலையே ஓடாது. படகுச் சமையல்காரர் பாரூக் நானா எங்கள் பக்கத்துப் பதுளைக்காரர். எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"வெயில் ஊருக்கு வெந்நீர் குடுக்குறோம் தம்பி. குளிர் ஊர்ல நம்ம ஆளுங்களுக்குப் பச்சத்தண்ணி."

வால்வு

"பிரஷர் விழுந்துருச்சு, ஏறவே மாட்டேங்குது. வால்வ மாத்துனாத்தான் சரிவரும்" என்று செல்விக்கு வாய்ஸ் போட்டேன். பிறகு படகு இரண்டு நாள் சிக்னல் இல்லாத பக்கம் போய்விட்டது.

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பிரஷர் என்றால் மனுஷருக்கு வருவது. வால்வு என்றால் நெஞ்சுக்குள் இருப்பது. செல்வி காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்காமல், நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பண்டாரவளைக்கு பஸ் ஏறி, என்னை அனுப்பிய ஏஜென்சி வாசலில் இரண்டு நாளும் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சிக்னல் வந்ததும் நான் விஷயத்தை விளக்கிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நெசமாவே ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டங்க போய்க் கேப்பேன்?"

லயத்துக் குழாய்

ஒரு மாத லீவில் வந்தபோது, படகில் கழற்றிப்போட்ட சின்னப் பம்பையும் டேங்கையும் கேப்டனிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஹீட்டரைப் பண்டாரவளையில் வாங்கி, எல்லாவற்றையும் எங்கள் லயத்துக் குழாயில் பூட்டினேன். செல்வி முதல்முறை குழாயைத் திறந்து, இரண்டு கையையும் வெந்நீரில் நீட்டியபடி ரொம்ப நேரம் நின்றாள். எனக்கு இனிப் போகவே வேண்டாம் போலிருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, காற்று இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் எழுந்துவிட்டாள்.

"எனக்குக் கத்துக்குடுக்காதீங்க. பழுதானா நீங்கதான் வந்து பாக்கணும்."

நான் மறுபடி படகேறி ஏழு மாதமாகிறது. பாழாய்ப்போன அந்தப் பம்பு இன்னும் பழுதாகவில்லை, அவ்வளவு ஒழுங்காகப் பூட்டித் தொலைத்திருக்கிறேன்.