அம்சவல்லி வாரித் தூற்றிய மண்

அம்சவல்லிக்கு நாக்கில் சனி என்பார்கள் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில். சொல்கிறவர்கள் என்ன யோக்கியமா? ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்துவிட்டு அவள் திரும்பியபோது, குழாயடியில் அவள் வாளியைக் காலால் தள்ளிவிட்டவர்கள்தான்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். அங்கே டாக்டர் அவள் வீட்டுக் கதையெல்லாம் விசாரித்தார். அம்மாவும் மார்புப் புண்ணில்தான் செத்தாள் என்றாள். இது ஒட்டுவாரொட்டி இல்லை, சில குடும்பங்களில் ரத்தத்தோடு இறங்கி வருவது என்றார் அவர். ஆண் வழியாகவும் இறங்குமாம். அண்ணனுக்கு ஒன்றும் இல்லாமலே அவன் மகள்களுக்குப் போய்ச் சேரலாம், அவர்கள் வருஷாவருஷம் வந்து காட்டட்டும் என்றார். விட்டால் மார்போடு நிற்காது, லாலாங் புல்லின் வேர் மாதிரி மண்ணுக்குள் ஓடி எலும்பிலும் முளைக்கும் என்று அம்சவல்லி புரிந்துகொண்டாள்.

அண்ணன் தங்கையாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நவமணியை அம்சவல்லியின் மகனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவர்களைத் தேடிப் போனாள். அவள் வாயைத் திறக்குமுன் அண்ணி சாரதா ஊர் கேட்கக் கத்தினாள்.

"நோய் புடிச்ச வூட்டுக்கு எம் மகள அனுப்ப முடியாதுலா! மாரறுந்தவ கையால எம் புள்ள சோறு திங்கணுமா?"

தங்கையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கூடப் பிறந்தவர்! அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோய் என் வூட்லயாடி இருக்கு? எங்கம்மா ரத்தந்தான் உம் புருசன் ஒடம்புலயும் ஓடுது. உம் மகளுக்கும் வரும், பாரு! டாக்டரே சொல்லிட்டாரு!"

சொல்லி, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றிவிட்டாள். 'வரலாம்' என்று டாக்டர் சொன்னது அவள் வாயில் 'வரும்' என்று ஆகிவிட்டது. மண்ணைத் தூற்றியபின் டாக்டர் பேச்சு யார் காதில் ஏறும்? சாரதா மகளுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். தங்கையா பூசாரியிடம் மந்திரித்த கயிறு வாங்கி வந்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றது. நவமணியைக் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

எண்பத்து நான்கில் ஒரு நாள் அவள் அம்சவல்லியின் வாசலில் வந்து நின்றாள். மார்பில் கட்டி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது முதுகெலும்பில் வலி. கையில் மூன்று கயிறுகள்.

"அத்தே, உங்க வாயால வுட்டத நீங்களே எடுத்துருங்க."

"அது சாபமாடி, மூதேவி? ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதானடி சொல்ல வந்தேன்!" என்று அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அன்றைக்கே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து ஈப்போ. எலும்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். தீபாவளிக்கு முன்பே நவமணி போய்விட்டாள்.

சாபம் பலித்தது என்று லயமே பேசியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்கு பேரையாவது அறைந்திருப்பேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அம்சவல்லி அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனாள். அன்று போகிறதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! சாரதா கதவை மறித்து நின்றாள். அம்சவல்லி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"பாத்துக்குங்க அண்ணி, மண்ணு இல்ல. சின்னவ ரஞ்சிதத்த டாக்டர்கிட்ட காட்டணும். அத மட்டும் சொல்ல வந்தேன்."

"கொலகாரி!" என்று சாரதா வாசல் மண்ணை அள்ளி அவள் முகத்தில் வீசினாள். அம்சவல்லி துடைக்கவில்லை, நகரவும் இல்லை.

உள்ளேயிருந்து ரஞ்சிதம் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். தாயின் கையை விலக்கிவிட்டுப் படி இறங்கினாள்.

"ஈப்போ பஸ்ஸு எத்தன மணிக்கு அத்தே?" என்றாள்.