அப்பா பாடிய கேசட்

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார். அந்தச் சில்லிப்பில் கண் தானாக மூடியது. சின்ன வயதில் நாங்கள் இருந்த மஞ்சக்குட்டை மலைக்கிராமத்து வீட்டுக்குள் பனி மெல்ல நுழைந்துகொண்டிருந்தது.

துபாயிலிருந்து அப்பா கேசட்டில் பேசி அனுப்புவார். மலை ஈரத்தில் டேப் ரெக்கார்டர் நாடாவை இழுத்துக்கொள்ளும். அதனால் அம்மா ஞாயிறுதோறும் ஸ்பிரிட் பஞ்சால் அதில் நாடா உரசும் ஹெட்டைத் துடைப்பாள். ஒருமுறை நான் துடைக்காமலே போட்டுவிட்டேன். சிக்கிய நாடாவை அம்மா பென்சிலால் சுற்றி மீட்டாள். கசங்கிய இடத்தில் அப்பாவின் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோலக் குழைந்தது. நான் அழுதேன்.

"உடு கண்ணு, அப்பா பாடறாப்ல நொம்ப நல்லாருக்குது. இன்னொருக்கா போடு," என்றாள்.

அப்பா ஊர் வந்ததும் அதைத்தான் போட்டுக் காட்டினாள்.

"நானெங்க புள்ள பாடுனேன்?" என்று சிரித்தார். அவரைப் பார்த்துக்கொண்டே அம்மா அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை.